கண்ணாடிக்குள் உடையாத கோடு

மார்ச் 4, திங்கள்

பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். எதிர்வீட்டு மாடியில் மூன்று பேர் வரிசையாக நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்தே குனிந்தார்கள், சேர்ந்தே நிமிர்ந்தார்கள். என்ன ஒற்றுமை என்று வியந்துகொண்டிருந்தபோது அவர் வந்து எட்டிப் பார்த்தார். "ஒருத்தர்தான் நிக்கறார், டீச்சர்," என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை டீச்சர் என்றே கூப்பிடுகிற மனுஷன். பணி ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. அதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது.

இதையும் தடித்த பேனாவில், பக்கத்துக்கு ஏழெட்டு வரியாகத்தான் எழுதுகிறேன்.

இருபது வருஷத்துக்கு முன்னால் லேசர் சிகிச்சை செய்துகொண்டு கண்ணாடியைத் தூக்கிப் போட்டவள் நான். பார்க்கிறவர்களிடமெல்லாம் என் கண்ணைக் காட்டிப் பெருமையடித்திருக்கிறேன். இந்த நாலைந்து வருஷமாக மங்கல். வயசு, கண்புரை என்று நானே முடிவுகட்டிவிட்டு, போன மாதம் கண் மருத்துவரிடம் போனேன். புரை இல்லையாம். "லேசர்ல இழைச்ச கருவிழி மெலிஞ்சுபோய் முன்னால பிதுங்கியிருக்கும்மா," என்றார். சைக்கிள் ட்யூபில் ஒரு இடம் மட்டும் மெலிந்திருந்தால், காற்றடிக்கும்போது அங்கே முட்டை மாதிரி புடைக்குமே, அது. உதாரணம் உடனே வந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது எங்கள் பெண் பாப்பா அப்போதுதான் ஊரிலிருந்து வந்து நின்றாள். அவள் வேலை செய்யும் பேக்கரியில் ஏதோ பயிற்சி என்று வெளியூர் போயிருந்தாள், துணைக்கு அவரும் போயிருந்தார். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கவில்லை. நான் சொல்லி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பெண்ணுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாளை மறுநாள் லென்ஸ் பொருத்திப் பார்க்கப் போகிறோம். பொருந்தாவிட்டால் கருவிழி மாற்று அறுவை. அதை நினைக்காமல் இருக்கப் பழகுகிறேன்.

மார்ச் 6, புதன்

லென்ஸ் பொருத்துகிறவர் சின்ன வயசுக்காரர். வாயைத் திறந்தால் "மெதுவா, மெதுவா" என்றுதான். மனசுக்குள் அவருக்கு 'மெதுவா' என்றே பெயர் வைத்துவிட்டேன். பட்டப்பெயர் எப்போதும் ஆசிரியர்களுக்கு மட்டும்தானா?

முதலில் என் கருவிழியைப் படமெடுத்துத் திரையில் காட்டினார். மேடு பள்ளத்தை நிறத்தால் சொல்லும் வரைபடம். அட்லஸில் மலைக்குச் சிவப்பு, கடலுக்கு நீலம் என்று இருக்குமே, அதேபோல. மூக்கு திரையில் முட்டும் அளவுக்குப் போய்ப் பார்த்தேன். நடுவுக்குக் கீழே சிவப்பாக ஒரு திட்டு. என் கண்ணுக்குள் ஒரு மலை! அதன் வழியாகத்தான் இத்தனை நாள் உலகத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் மூன்றாகத் தெரியாமல் என்ன செய்வான்?

நகைக்கடைத் தட்டு மாதிரி ஒரு பெட்டியைத் திறந்தார். எல்லாம் ஒத்திகை லென்ஸ்கள். சாதாரண லென்ஸைவிடப் பெரியவை. கருவிழியைத் தொடாமல் அதன்மேல் கூடாரம் போல நின்று, கண்ணின் வெள்ளையில் கால் ஊன்றுமாம். கூடாரத்துக்குள் சலைன் தண்ணீர் நிற்கும்.

"புரியுதுங்களா?" என்றார்.

"குண்டும் குழியுமான தெருவுல மழைத்தண்ணி தேங்கினா, மேலே பார்க்க மட்டமா இருக்கும். அப்படித்தானே?"

கையிலிருந்த லென்ஸைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். "இத்தனை நாளா நான் கால் மணி நேரம் விளக்கிட்டிருந்தேன் டீச்சர். இத நான் எடுத்துக்கலாமா?"

தாராளமாக என்றேன்.

முதல் லென்ஸ் உரசியது. சாயம் கலந்த தண்ணீர் நீல விளக்கில் பச்சையாக ஒளிருமாம். பச்சை கறுத்துப்போன இடத்தில் உரசல். இரண்டாவதில் காற்றுக்குமிழி. மூன்றாவது உட்கார்ந்தது. "மெதுவாக் கண்ணத் திறங்க."

திறந்தேன்.

என்னவென்று எழுத? சுவரில் ஆணி. ஆணியின் தலையில் ஒரு கீறல். கதவில் விரல்ரேகைகள். வெளியே மரத்தில் இலைகள் தனித்தனியாக இருந்தன. இத்தனை வருஷமாக மரம் என்பது எனக்கு ஒரு பச்சைப் புகை. நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

லென்ஸ் படியும்வரை வெளியே உட்காரச் சொன்னார். அங்கே என் வீட்டுக்காரர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

"என்னங்க, உங்க காதுல இவ்வளவு முடியா?"

"இது இன்னிக்கு நேத்து முளைச்சதா? நீ பார்க்கலைன்னுதான் தைரியமா வளர்த்துட்டிருந்தேன்."

கழிவறைக் கண்ணாடியில் என்னையும் பார்த்தேன். என் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

கிளம்பும்போது மெதுவா கேட்டார்: "வீட்ல வேற யாராவது இந்த லேசர் பண்ணியிருக்காங்களா? கருவிழி மெலிசா இருக்கறது குடும்பத்துல வரலாம்." இல்லை என்றேன். பொண்ணுக்கு மைனஸ் எட்டு, ஆனால் கண்ணாடிதான் போடுகிறாள் என்றேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் திடீரென்று இருமல் வந்து வெளியே போய்விட்டார்.

மார்ச் 7

என் அளவுக்கு லென்ஸ் செய்து வர இரண்டு வாரமாம். மறுபடியும் பச்சைப் புகை. நேற்றுப் பார்த்தது கனவா?

மார்ச் 20

வந்துவிட்டது. வலது கண் லென்ஸ் கச்சிதம். இடது கண்ணுடையது ஓரத்தில் ரத்த நாளத்தை அழுத்தி வெளுக்கச் செய்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். இப்போதைக்கு எனக்கு ஒரு கண்ணே உலகம்.

போடுவது ஒரு வித்தை. மேஜையில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கப் போட்டு, அதன்மேல் முகத்தைக் கவிழ்த்து, தண்ணீர் நிறைந்த லென்ஸை மூன்று விரல் நுனியில் ஏந்தி மேலே கொண்டுவர வேண்டும். ஒரு சொட்டு சிந்தினாலும் குமிழி. எடுப்பதற்குச் சின்ன உறிஞ்சு ரப்பர். அதை வைப்பதற்கு முன் அந்தக் கண்ணால் சுவரிலிருக்கிற காலண்டரைப் பார்க்க வேண்டும். தேதி தெரிந்தால் லென்ஸ் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். தெரியாவிட்டால் ரப்பரைத் தொடவே கூடாது. "வெறும் கருவிழியில ரப்பர் பிடிச்சா, அன்னிக்கு லேசருக்காகச் சீவித் திறந்து மூடின மடல் அப்படியே நகர்ந்துடும் டீச்சர். மெதுவாச் செய்ங்க. நிதானம்." எனக்கே பாடம்.

முதல் சில நாள் மதியம்வரைதான் போடலாம். பாப்பா வீடு திரும்புவதற்குள் எடுத்துவிட வேண்டியிருக்கிறது.

மார்ச் 22

சமையலறைச் சுவரைப் பார்த்து அதிர்ந்துபோனேன். இந்த எண்ணெய்ப் பிசுக்கோடா இவ்வளவு நாள் குடித்தனம் நடத்தினோம்? நாள் பூராவும் தேய்த்தேன். "லென்ஸ் வாங்கினா சுவருக்கு வெள்ளையடிச்ச மாதிரி," என்கிறார் அவர்.

மார்ச் 24, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இன்று பாப்பாவுக்கு விடுமுறை. லென்ஸோடு, பகல் வெளிச்சத்தில், அவளை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தேன். மூக்கோரத்தில் ஒரு மச்சம், இது எப்போது வந்தது? கையில் அடுப்புச் சூடு பட்ட தழும்பு. இருபத்தாறு வயசில் ஒரு நரைமுடி.

"என்னம்மா, முழுங்கற மாதிரி பார்க்கறே?"

"பார்க்க வேண்டியது நிறைய பாக்கி இருக்கு. நீ உரி."

சிரித்தாள். அழகாக இருந்தாள். வழக்கத்தைவிடவே அழகாக. அதுதான் உறுத்தியது. கண் பெரிதாக இருந்தது.

மைனஸ் எட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் கண் பெரிதாக இருக்க முடியாது. குழிலென்ஸ் எதையும் சிறுத்துக் காட்டும். வகுப்பில் கிட்டப்பார்வைப் பாடம் வரும்போது, கனத்த கண்ணாடி போட்ட பிள்ளை ஒன்றை முன்னால் நிற்கவைப்பேன். "கன்னத்தோட ஓரக் கோடு கண்ணாடிக்குள்ள போனதும் என்ன ஆகுது, பாருங்க." "உடைஞ்சு உள்ள தள்ளிப் போகுது டீச்சர்!" என்று கத்துவார்கள். ஒளி வளைகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பாப்பாவின் கன்னத்துக் கோடு உடையவில்லை. கண்ணாடிக்குள் எப்படிப் போனதோ அப்படியே வெளியே வந்தது.

மார்ச் 25

இரவெல்லாம் கேள்வி. கண்ணுக்குள் லென்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறாளோ? அப்படியானால் வெளியே கண்ணாடி எதற்கு?

அவரிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "பாப்பா கண்ணாடி மாத்திட்டாளா?"

"இப்பல்லாம் மெல்லிசா செய்யறாங்க," என்றார், என்னைப் பார்க்காமல்.

மெல்லிசாகச் செய்தாலும் ஒளி வளைந்துதானே ஆகவேண்டும்? முப்பது வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவளிடம் இப்படி ஒரு பதில்.

அவள் குளிக்கப் போனபோது மேஜையில் இருந்த கண்ணாடியை எடுத்துச் செய்தித்தாள்மேல் பிடித்தேன். எழுத்து சிறுக்கவில்லை. இப்படியும் அப்படியும் ஆட்டினேன். எழுத்து நகரவில்லை.

வெறும் கண்ணாடி. ஜன்னலில் போடுகிற கண்ணாடி.

இருந்த இடத்திலேயே, மடித்திருந்தபடியே வைத்துவிட்டேன். அந்த வெளியூர்ப் பயிற்சி. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. இவருடைய இருமல். ஐயோ.

மார்ச் 26

கேட்கவில்லை. பிடித்து நிறுத்திக் கேட்டால் பிள்ளைகள் பொய்தான் சொல்லும். காத்திருந்தால் தானாக வந்து நிற்கும். அப்படித்தான் முப்பது வருஷமாகப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 27

வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு கண்ணையும் கசக்கினாள். மாவுத்தூள், அடுப்பு வெக்கை. சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி கசக்குகிறாள். மெலிந்த கருவிழிக்குக் கசக்குவதைப் போல எமன் வேறில்லை என்று மெதுவா சொல்லியிருக்கிறார். "கசக்காதே," என்றேன். "அரிக்குதும்மா." அதற்குமேல் என்ன பேச? பேசினால் எல்லாம் வெளியே கொட்டிவிடும்.

காத்திருப்பதும் ஒரு தப்போ?

மார்ச் 28

கண்ணில் கட்டு. கோடு போட்ட தாளில் தடவித் தடவி எழுதுகிறேன். ஒருவேளை நானே படிக்க முடியாது. இருந்தாலும்.

சாயங்காலம் லென்ஸை எடுக்கக் குளியலறைத் தொட்டிமுன் நின்றேன். பாப்பா அப்போதுதான் குளித்துவிட்டுப் போயிருந்தாள், தரையெல்லாம் ஈரம். என் மனசு அங்கே இல்லை. அழுதிருந்தேன். அழும்போது கண்ணை அழுத்தித் துடைத்திருக்கிறேன். லென்ஸ் அப்போதே விழுந்துவிட்டது, எனக்குத் தெரியாது. கண்ணீர்தான் மறைக்கிறது என்று நினைத்தேன். காலண்டரைப் பார்க்கவில்லை. ரப்பரை வைத்து அழுத்தினேன். பிடித்துக்கொண்டது. இழுத்தேன்.

அந்த வலிக்கு எனக்கு உதாரணம் கிடைக்கவில்லை.

கத்தியிருக்கிறேன். ரப்பரின் காம்பைப் பிதுக்கி விடுவித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பாப்பா தலையில் துண்டோடு ஓடி வந்தாள்.

"அசையாதே! காலைத் தூக்காதே! அதோ, உன் கால் பக்கத்துல கிடக்கு."

குனிந்து எடுத்தாள். வெள்ளைத் தரை, ஈரம், அதில் கண்ணாடித்துளி மாதிரி ஒரு லென்ஸ். நல்ல பார்வை உள்ளவர்களே தவழ்ந்து தேடவேண்டிய பொருள். குளித்துவிட்டு வந்தால் சுவரைத் தடவிக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிறவள், வாசற்படியில் நின்றபடி அதைக் கண்டுவிட்டாள்.

லென்ஸ் அவள் உள்ளங்கையில். நான் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்தேன். மறு கண்ணுக்கு அவள் மூன்றாகத்தான் தெரிந்தாள். மூன்று முகத்திலும் கண்ணாடி இல்லை. மெல்லக் கையைத் தூக்கித் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஞாயித்துக்கிழமைலேர்ந்து. கன்னத்துக் கோடு உடையலடி. இயற்பியல் டீச்சர் பெத்த பொண்ணு, அது கூடவா தோணல?"

"உனக்குத்தான் கண்ணு தெரியலையே," என்றாள். சொன்னவுடனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"உனக்குக் காட்டத்தாம்மா அன்னிக்கு ஓடி வந்தேன். கண்ணாடி இல்லாமதான் உன் முன்னால நின்னேன். நீ கவனிக்கவே இல்ல. என் மூஞ்சியைப் பார்த்துட்டே சொன்னே, லேசரால கண்ணு போச்சுன்னு. அப்புறம் நான் எந்த வாயால சொல்றது? அடுப்பைத் திறந்தா கண்ணாடி ஆவி பிடிச்சுக் கையைச் சுட்டுக்கறேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? நீதானே 'என்னைப் பாரு, என்னைப் பாரு'ன்னே!"

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்பாதான் கூட வந்தார்."

எனக்கு வந்த ஆத்திரம்! மடச்சி, கழுதை, தினம் தினம் கசக்கறியேடி, உன் கண்ணு என்ன ஆகும்னு யாராவது நினைச்சீங்களா, ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு நாடகம் போட்டீங்களா... என்னவெல்லாமோ சொன்னேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாயும் நிற்கவில்லை.

"முதல்ல உன் கண்ணைக் காட்டப் போலாம். மிச்சத்தை வண்டியில வச்சுத் திட்டு," என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

மார்ச் 29

மெதுவா முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "காலண்டர் பார்த்தீங்களா?" இல்லை என்று தலையைக் குனிந்தேன். பெஞ்சுமேல் ஏற்றாததுதான் பாக்கி.

மடல் நகரவில்லை. கீறல்தான். ஆறும்வரை லென்ஸ் கூடாது. பயந்ததற்கு இது குறைவு.

அவர் பேச்சை முடிக்குமுன் பாப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "எனக்கும் அந்த வரைபடம் எடுங்க. நானும் பண்ணிக்கிட்டேன்." மெதுவா என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். இவருக்கு இன்று இருமல் வரவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்.

இவரிடம் நான் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் பாப்பா மூலம்தான் கேட்கிறேன்.

ஏப்ரல் 1, திங்கள்

அவளுடைய கண்ணின் வரைபடம் திரையில் இருந்தது. என் கண்ணில் லென்ஸ் இல்லை. நிறம் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்த கோலம்தான் எனக்கு.

"சொல்லுங்க, நடுவுல என்ன நிறம்?" என்று இவரைக் கேட்டேன். நாலு நாளில் முதல் பேச்சு.

"நீலம்."

லேசர் இழைத்த இடம் தட்டையாகத்தான் இருக்கும். சரி.

"சுத்தி?"

"பச்சை. ரெண்டு கண்ணுலயும்."

"கீழே?"

"வலது கண்ணுல பச்சைதான்."

"இடது?"

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"கொஞ்சமா மஞ்சள், டீச்சர்," என்றார் இவர்.

மலை ஆரம்பிக்கும்போது மஞ்சளில்தான் ஆரம்பிக்கும். மெதுவா விளக்கினார்: பிறவியிலேயே அப்படி இருக்கலாம். அறுவைக்கு முன் எடுத்த படத்தை வரவழைத்து ஒப்பிடலாம், மூன்று மாதம் கழித்து இன்னொன்றும் எடுக்கலாம். நின்ற இடத்திலேயே நின்றால் ஒன்றும் செய்யவேண்டாம். நகர்ந்தால் கருவிழியை இறுக்க ஒளிச் சிகிச்சை இருக்கிறது. "அங்க கேட்டாங்களா, குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு?"

"கேட்டாங்க. இல்லைன்னேன். அப்ப எங்க யாருக்குமே தெரியாதே," என்றாள் பாப்பா.

யார்மேல் கோபப்பட? அவள் படுத்திருந்த அதே வாரம்தான் எனக்குச் சொன்னார்கள். ஒரு வாரம் முன்னால் நான் மருத்துவரிடம் போயிருந்தால். ஒரே ஒரு வாரம்.

படியிறங்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் யாருக்கு வழிகாட்டுகிறோம் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 9

கீறல் ஆறிவிட்டது. லென்ஸ் போட்டேன். முதலில் போய் அவள் கண்ணைத்தான் பார்த்தேன். கண்ணைப் பார்த்து என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. இருந்தும் பார்த்தேன்.

ஏப்ரல் 18

இடது லென்ஸும் வந்தது, பொருந்திவிட்டது. எனக்கு இனி கருவிழி மாற்று வேண்டாம் என்றார் மெதுவா. போன மாதமானால் ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்திருப்பேன். இன்று "சரி" என்றுமட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மே 11

பாப்பா தூக்கத்தில் கசக்காமலிருக்கப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு படுக்கிறாள். "குத்துச்சண்டைக்காரி தூங்கப் போறா," என்கிறார் இவர். சிரித்தாள். நானும் சிரித்தேன். இவரோடு பேச ஆரம்பித்து ரொம்ப நாளாயிற்று. கோபம் போகவில்லை, ஆனால் கோபத்துக்கு நேரமில்லை.

ஜூலை 1

நகர்ந்திருக்கிறது.

ஜூலை 2

இந்தத் தடவை என் கண்ணாலேயே பார்த்தேன். போன படத்தில் மஞ்சளாக இருந்த இடம் ஆரஞ்சு. யாரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. மூன்று படங்களையும் வரிசையாக வைத்தார்: அறுவைக்கு முன், ஏப்ரல், நேற்று. அறிவியல் கண்காட்சியில் செடி வளர்வதைக் காட்டுகிற படங்கள் மாதிரி. வளர்கிறது, என் பிள்ளையின் கண்ணில்.

"சீக்கிரமே பிடிச்சுட்டோம் டீச்சர்," என்றார் மெதுவா. "பொதுவா மூணா தெரிய ஆரம்பிச்ச பிறகுதான் வருவாங்க. உங்களை மாதிரி."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை லென்ஸ் என் கண்ணில் இல்லாமல் போயிருந்தால்? அவள் வெறும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் மங்கலைப் போட்டுக்கொண்டு, இன்னும் எத்தனை வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்திருப்போம்?

தெருவுக்குள் நுழையும்போது பாப்பா கேட்டாள்: "எனக்கும் உன்னை மாதிரி ஆயிடுமா?"

தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்வதுதான் நல்ல ஆசிரியருக்கு அழகு என்று நானே சொல்லியிருக்கிறேன். "ஆகாது," என்றேன்.

ஜூலை 15

இடது கண்ணுக்குச் சிகிச்சை. மஞ்சள் மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டு, ஒரு நீல ஒளியைக் காட்டினார்களாம். உள்ளே விடவில்லை. கதவுக்கு வெளியே நாங்கள் இருவரும். இவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "சந்தோஷமா கூட்டிட்டு வரலாம்னு நினைச்சுத்தான் லேசருக்கு அவகூடப் போனேன். உன்னைச் சிரிக்க வைக்கணும்னு அவ வழியெல்லாம் ஒத்திகை பார்த்தா." நான் அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 17

வலி. இருட்டறையில் படுத்திருக்கிறாள். சொட்டு மருந்து விடுவது என் வேலை. ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை. எனக்கே ஆச்சரியம்.

செப்டம்பர் 30

முதல் படம். பெரிய மாற்றமில்லை. இப்போதே முடிவு சொல்லமுடியாதாம்.

நவம்பர் 4

அதே ஆரஞ்சு, அதே அளவு. இடது கண்ணில் கொஞ்சம் மங்கல் இருக்கிறது, அதற்குச் சின்ன பவரில் கண்ணாடி எழுதிக்கொடுத்தார். "இதுவாவது அசலா?" என்று இவர் கேட்க, பாப்பா அந்தச் சீட்டாலேயே அவர் தலையில் தட்டினாள். வெளியே வந்து நான் சும்மா அழுதேன்.

பிப்ரவரி 4

நேற்று மறுபடியும் வரைபடம். நின்ற இடத்திலேயே நிற்கிறது. அடுத்தது ஒரு வருஷம் கழித்துப் போதும் என்றார் மெதுவா. ஒரு வருஷம் என்று அவர் சொன்னதை இரண்டு தடவை சொல்லவைத்தேன்.

வழக்கமாகப் பாப்பா விடியுமுன் கிளம்பிப்போன பிறகுதான் லென்ஸ் போடுவேன். கதவடியில் நின்று அவளை வழியனுப்புவதெல்லாம் வெறும் கண்ணோடுதான். இன்று என்னவோ தோன்றி, அவள் எழுவதற்கு முன்பே எழுந்து போட்டுக்கொண்டேன்.

"எதுக்கும்மா இப்பவே? சாயங்காலம்வரைக்கும் தாங்குமா?"

"சீக்கிரம் எடுத்துடறேன். நீ கிளம்பு, நேரமாச்சு."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விளக்கு வெளிச்சத்தில் தெரு நீளத்துக்கும் அவள் நடந்துபோவது தெரிந்தது. பை, சடை, செருப்பின் பின்பக்கம். வளைவுக்கு வந்ததும் நின்று திரும்பினாள். கையை உயரத் தூக்கி, குழந்தை மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பிறகு போய்விட்டாள்.

உள்ளே வந்து இவரிடம் சொன்னேன். "இன்னிக்கு என்னமோ திரும்பிக் கையாட்டிட்டுப் போறா. நல்ல சேதி கேட்ட சந்தோஷம் போல."

இவர் தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கிப் பார்த்தார். "இன்னிக்கா? வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து தினம் ஆட்டிட்டுத்தானே போறா."

மூன்று வருஷமாக அதே கதவடியில்தான் நிற்கிறேன். ஒரு நாள்கூட நான் பதிலுக்குக் கையைத் தூக்கியதில்லை.